மேற்கு வெயிலில் வாடாத வண்ணங்கள்

மேற்குச் சுவரை ஒட்டிய பாத்திதான் எனக்குச் சவால். குளிர்காலத்தில் குலுங்கிய பெட்டூனியாவும் பான்சியும் கோடை பிறந்ததும் துவண்டுவிடும். பிற்பகல் வெயிலோடு சுவர் உமிழும் சூடும் சேர்ந்துகொள்கிறது; எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. செடிகளையே மாற்றினேன்.

பின்வரிசைக்குக் காகிதப்பூ. அதில் நாம் ரசிக்கும் நிறம் இதழ் அல்ல, பூவடிச் செதில், அதாவது பூவைச் சூழ்ந்த வண்ண இலை. உள்ளே இருக்கும் சிறு வெள்ளைக் குழல்தான் பூ. மண் கொஞ்சம் காய்ந்த பிறகு நீர் விட்டால்தான் நன்றாகப் பூக்கிறது. தழைச்சத்து உரம் மிகுந்தால் வெறும் இலைதான். நடுவில் ஜின்னியா, கோழிக்கொண்டை. ஜின்னியாவின் நுனியை இளமையிலேயே கிள்ளிவிட்டேன், கிளைகள் பெருகின; இலை நனையாமல் வேரடியில் மட்டும் நீர் விட்டதால், இலைமேல் வெண்பொடியாய்ப் படரும் சாம்பல் நோய் குறைந்தது. ஓரத்தில் டேபிள் ரோஸ். சதைப்பற்றுள்ள இலைகளில் நீரைச் சேமித்து, வெயில் ஏற ஏற விரியும் அந்தப் பூவின்மேல் எனக்குத் தனிப் பிரியம். நித்தியகல்யாணியும் தாங்கும், வேரில் மட்டும் நீர் தேங்கக் கூடாது.

நிழல் விழும் மூலையில் பூவைத் தேடவில்லை. கோலியஸ் இலைகளே அங்கு வண்ணம் தருகின்றன.