பழைய டிஎஸ்எல்ஆரா, புதிய மிரர்லெஸ்ஸா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

என்னிடம் இருப்பது கேனான் ஈஓஎஸ் 1300டி. 2016-ல் வந்த தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி (மிரர்) வைத்த வகை. தங்கை சமீபத்தில் ஈஓஎஸ் ஆர்50 வாங்கினாள். அது 2023-ல் வந்த மிரர்லெஸ், அந்தக் கண்ணாடி இல்லாத வகை. "அண்ணா, உன்னோடதை வித்துட்டு நீயும் இதையே வாங்கிடு" என்று விடாமல் சொன்னாள். விற்பதா, வேண்டாமா என்று தீர்மானிக்க, ஒரு சனி, ஞாயிறு முழுக்க இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தேன். அந்தச் சோதனைகளைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன். உங்களிடம் வேறு மாடல் இருந்தாலும் முறை இதேதான். நண்பரிடமோ வாடகைக்கோ ஒரு மிரர்லெஸ் இரண்டு நாள் கிடைத்தால் போதும்.

கேமராவைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்றாலும் கவலை வேண்டாம். அப்பர்ச்சர் என்பது லென்ஸுக்குள் இருக்கும் திறப்பு. எஃப் எண் சின்னதாக இருந்தால் திறப்பு பெரிது, உள்ளே வரும் வெளிச்சமும் அதிகம். ஐஎஸ்ஓ ஏற ஏறப் படம் வெளிச்சமாகும், கூடவே மணல் தூவியது போன்ற நாய்ஸும் ஏறும். இந்த இரண்டும் புரிந்தால் மீதியைச் செய்யச் செய்யப் பிடித்துக்கொள்ளலாம்.

படி 1: இரண்டிலும் ஒரே லென்ஸ்

இதைத் தவறவிட்டால் மீதிச் சோதனை எல்லாம் வீண். பழைய பாடியில் (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) பழைய கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்ந்து வரும் லென்ஸ்), புதிய பாடியில் புதிய கிட் லென்ஸ் என்று ஒப்பிட்டால், தெரியும் வித்தியாசம் கேமராவால் வந்ததா லென்ஸால் வந்ததா என்று சொல்லவே முடியாது. நான் ஈஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸை இரண்டிலும் மாட்டினேன். 1300டி-யில் நேராக மாட்டலாம். ஆர்50-ல் மாட்ட ஈஎஃப்-ஈஓஎஸ் ஆர் அடாப்டர் வேண்டும்.

அடாப்டர் போட்டால் படத்தின் தரம் குறையுமோ என்று பலருக்குச் சந்தேகம். குறையாது, ஏனென்றால் அதற்குள் லென்ஸ் கண்ணாடியே கிடையாது. பழைய ஈஎஃப் மவுன்டில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும், படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்கும் இடையே 44 மி.மீ. புதிய ஆர்எஃப் மவுன்டில் 20 மி.மீ. நடுவில் உள்ள 24 மி.மீ. இடைவெளியை நிரப்புகிற வெற்றுக் குழாய்தான் அடாப்டர். கூடவே மின்தொடர்புப் புள்ளிகள் உண்டு, அதனால் ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும்.

அப்புறம் அமைப்புகள். இரண்டிலும் டயலை ஏவி-யில் வையுங்கள்; அப்பர்ச்சரை நாம் வைத்தால், ஷட்டர் வேகத்தை (சென்சாரில் வெளிச்சம் விழும் நேரம்) கேமராவே பார்த்துக்கொள்ளும் முறை அது. வொயிட் பேலன்ஸை டேலைட்டில் நிறுத்துங்கள், ஆட்டோவில் விட்டால் இரண்டும் இரண்டு நிறம் காட்டும். ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு), ஜேபெக் (வழக்கமான படக் கோப்பு) இரண்டும் சேமிக்கும்படி வையுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும்.

படி 2: உள்ளே பாருங்கள்

லென்ஸைக் கழற்றி, வாயைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து எட்டிப் பாருங்கள். 1300டி-க்குள் 45 டிகிரி சாய்ந்த சின்னக் கண்ணாடி தெரியும். லென்ஸ் வழியே வரும் வெளிச்சம் அதில் பட்டு மேலே போய், கண் வைத்துப் பார்க்கும் துளையான வ்யூஃபைண்டர் வழியாக உங்கள் கண்ணுக்கு வருகிறது. பட்டனை அழுத்தும்போது கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், சென்சாரில் வெளிச்சம் விழும், கண்ணாடி திரும்ப இறங்கும். நாம் கேட்கும் அந்த 'டப்' சத்தத்தில் பாதி இந்தக் கண்ணாடியுடையது. ஆர்50-ல் கண்ணாடியே இல்லை. பளபளவென்று சென்சாரே எதிரில் நிற்கும். விரலால் தொடாதீர்கள், வாயால் ஊதவும் வேண்டாம். சீக்கிரம் மூடிவிடுங்கள்.

வ்யூஃபைண்டர் வழியாகவும் பாருங்கள். 1300டி-யில் தெரிவது உண்மையான வெளிச்சம், ஆனால் படத்தின் 95 சதவீதம் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத ஒரு துணிக்கொடியோ பக்கத்து வீட்டுக் குழாயோ படத்தின் ஓரத்தில் வந்து உட்காருவது இதனால்தான். ஆர்50-ல் நீங்கள் பார்ப்பது ஒரு குட்டித் திரை. அதில் தெரிவது அப்படியே படமாகும்.

படி 3: ஜன்னல் சோதனை

பகல் 11 மணி வாக்கில் வீட்டில் ஒருவரை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். எங்கள் வீட்டில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள், நகரச் சொல்லவே இல்லை. முதலில் 1300டி. வ்யூஃபைண்டரில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. எடுத்துப் பார்த்தால் ஜன்னல் வெளுத்து, முகம் கறுத்திருந்தது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சத்துக்கு, கூட்டி இன்னொன்று, அதுவும் போதாமல் இன்னும் கொஞ்சம் கூட்டி மூன்றாவது. அதில்தான் அம்மாவின் கன்னத்தில் இருக்கும் மச்சம் தெரிந்தது.

ஆர்50-ல் டயலைச் சுற்றச் சுற்ற முகம் வெளுப்பது கண்முன்னே தெரிகிறது. மச்சம் தெரிந்த இடத்தில் நிறுத்தி ஒரே ஒரு படம். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய உதவி. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: 1300டி-யிலும் லைவ் வ்யூவைப் போட்டால் பின்திரையில் வெளிச்ச மாற்றம் இதே மாதிரி தெரியும். பழைய கேமரா வைத்திருக்கும் பலர் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை. லைவ் வ்யூவில் ஃபோகஸ் மெதுவாகும், அதுதான் குறை. உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அது போதும்.

படி 4: தீப்பெட்டி சோதனை

இரண்டு கேமராவுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இங்கேதான். நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

ஐந்து தீப்பெட்டிகளை மேசைமேல் படிக்கட்டு போல, ஒன்றுக்கொன்று 3 செ.மீ. பின்னால், பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். கேமராவை ஒரு மீட்டர் தூரத்தில் டிரைபாடில் வையுங்கள். இல்லையென்றால் ஸ்டூலும் நாலு தடிப் புத்தகமும் போதும். அப்பர்ச்சர் எஃப் 1.8. இந்தத் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் 3 செ.மீ.கூட இருக்காது, ஆக ஒரு பெட்டிதான் பளிச்சென்று வரும். 1300டி-யில் ஃபோகஸ் புள்ளிகள் மொத்தம் 9. நடுப்புள்ளி மட்டும்தான் குறுக்கு வகை, அதாவது படுக்கைக் கோடு, நிலைக்கோடு இரண்டையும் பிடிக்கும். அந்த நடுப்புள்ளியை மூன்றாவது பெட்டியின் மேல் வைத்து, வ்யூஃபைண்டர் வழியாக 5 படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் வளையத்தைக் கையால் கலைத்துவிட்டு எடுக்க வேண்டும். அப்புறம் லைவ் வ்யூவில் 5. கடைசியில் ஆர்50-ல் 5.

கம்ப்யூட்டரில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, எந்தப் பெட்டி தெளிவு என்று பாருங்கள். லைவ் வ்யூவிலும் ஆர்50-லும் மூன்றாவது பெட்டிதான் வரும். டிஎஸ்எல்ஆரின் வ்யூஃபைண்டர் வழியாக எடுத்ததில் சில சமயம் அதற்கு முன்னாலோ பின்னாலோ தெளிவு நகர்ந்திருக்கும். டிஎஸ்எல்ஆரில் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு குட்டிக் கண்ணாடி உண்டு. அது கொஞ்சம் வெளிச்சத்தைக் கீழே, ஃபோகஸுக்கென்று தனியாக உள்ள சென்சாருக்கு அனுப்புகிறது. படம் எடுப்பது ஒரு சென்சார், ஃபோகஸ் அளப்பது வேறு சென்சார். இரண்டுக்கும் இருக்கும் தூரம் நூலிழை பிசகினாலும் எஃப் 1.8-ல் தெரிந்துவிடும். விலை கூடிய டிஎஸ்எல்ஆர்களில் இதைத் திருத்த மெனுவில் வழி உண்டு, 1300டி-யில் இல்லை. ஆர்50-ல் படம் எடுக்கும் சென்சாரே ஃபோகஸையும் அளப்பதால் இந்தப் பிசகுக்கு இடமே இல்லை.

நகர்வு ஒருபக்கமாகவே வந்தால் பயப்பட வேண்டாம், எஃப் 2.8-க்கு வந்துவிடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்து ஓடும் பிள்ளை. காலை நிழலில், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 400, ஷட்டர் வேகம் 1/500-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1300டி-யில் ஏஐ சர்வோ (நகரும் ஆளை விடாமல் ஃபோகஸ் செய்யும் முறை), நடுப்புள்ளி. ஆர்50-ல் சர்வோ, கண்ணைத் தேடும் வசதி ஆன். தங்கை பையனைத் தெருமுனையிலிருந்து என்னை நோக்கி நாலு முறை ஓடிவரச் சொன்னேன். ஐந்தாவது முறை அவனே கேட்டு ஓடினான். 1300டி நொடிக்கு 3 படம், ஆர்50 12 படம் எடுக்கும், அதனால் மொத்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். பத்துக்கு எத்தனை படத்தில் கண் தெளிவாக இருக்கிறது என்று எண்ணுங்கள். பழையதில் பாதி தேறினாலே உங்கள் கை நல்ல கை. புதியதில் இரண்டு மூன்று தவிர எல்லாம் தேறும், பிள்ளை படத்தின் ஓரத்தில் இருந்தாலும்கூட. இந்த இடத்தில் பழைய கேமராவுக்குப் பரிந்து பேச என்னிடம் ஒன்றுமில்லை.

படி 5: ராத்திரி, டியூப்லைட்

அடுக்களை அலமாரியில் ஓர் எவர்சில்வர் டப்பா, ஒரு மஞ்சள்தூள் பாட்டில், பக்கத்தில் கறுப்புத் துணி. நாய்ஸ் முதலில் எட்டிப் பார்ப்பது கறுப்பில்தான். எஃப் 2.8, டிரைபாட், 2 நொடி டைமர். ஐஎஸ்ஓ 100, 800, 1600, 3200, 6400 என்று வரிசையாக இரண்டிலும் எடுங்கள்.

பார்க்கும்போது ஒரு விஷயம். 1300டி 18 மெகாபிக்சல், ஆர்50 24 மெகாபிக்சல். ஆறு மெகாபிக்சல் என்றதும் பெரிதாகத் தோன்றும். அகலத்தில் பார்த்தால் 5184-க்கு 6000, சுமார் 16 சதவீதம் கூட, அவ்வளவுதான். கல்யாண ஆல்பத்தில் போடும் 12-க்கு 18 அங்குலப் பக்கத்துக்கு இரண்டுமே தாராளம். ஆகவே 24-ஐ 18-ஆகச் சுருக்கி ஒரே அளவில் வைத்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ 1600 வரை என் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 3200-லிருந்து பழையதில் கறுப்புத் துணி புழுதி படிந்தது போல ஆகிறது. இருட்டாக எடுத்துவிட்டு எடிட்டிங்கில் மூன்று ஸ்டாப் தூக்கினால், பழைய சென்சாரின் நிழல் பகுதியில் கோடு கோடாக வரும். புதியதில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு.

இப்போது இந்தச் சோதனையை ஒருமுறை தலைகீழாகச் செய்யுங்கள். புதிய பாடியில் அதன் கிட் லென்ஸான 18-45 மி.மீ.-ஐ மாட்டி, 45-க்கு இழுங்கள். அங்கே அதன் திறப்பு எஃப் 6.3-ஐவிடப் பெரிதாகாது. ஐஎஸ்ஓ 6400 வைத்து ஒரு படம். பழைய பாடியில் 50 மி.மீ. லென்ஸ், எஃப் 2.2, ஐஎஸ்ஓ 800. ஷட்டர் வேகம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டும். படத்தைத் திறந்தால் பழைய கேமராவின் படம்தான் சுத்தமாக இருக்கும். லென்ஸ் தந்த மூன்று ஸ்டாப் வெளிச்சத்தின் முன்னால் ஏழு வருடத் தொழில்நுட்பம் நிற்க முடியவில்லை. இதை நான் தங்கையிடம் காட்டியபோது அவள் முதலில் கேட்டது, "அப்போ எனக்கு இந்த லென்ஸ்தானே வேணும்?" அதேதான். கிட் லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு 'ராத்திரியில் படம் சரியில்லை, கேமராவை மாற்றணும்' என்று நினைக்கும் ஒவ்வொருவரும் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

படி 6: வீடியோ

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1300டி-யில் 1080, நொடிக்கு 30 பிரேம். படம் ஓடும்போது ஃபோகஸ் தானாகப் பின்தொடராது. வெளி மைக் மாட்டத் துளை இல்லை. ஆர்50-ல் 4கே, பின்தொடரும் ஃபோகஸ், மைக் துளை, பக்கவாட்டில் திறந்து முன்பக்கம் திரும்பும் திரை. வீடியோதான் உங்கள் வேலை என்றால் மேலே படித்ததை எல்லாம் மறந்துவிட்டு மாறிவிடலாம்.

படி 7: தராசும் பேட்டரியும்

சமையலறைத் தராசை எடுங்கள். பேட்டரி, கார்டோடு 1300டி 485 கிராம், ஆர்50 375 கிராம். அடடா, எவ்வளவு லேசு என்று தோன்றும். பழைய லென்ஸ் போட அடாப்டர் வேண்டுமே, அது 110 கிராம். கூட்டினால் அதே 485! இருக்கும் ஈஎஃப் லென்ஸ்களையே தொடர்ந்து பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் தோள் வலி குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். புதிய கிட் லென்ஸோடு சேர்த்தால் மட்டுமே எடை இறங்கும்.

பேட்டரியிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1300டி-யின் பேட்டரி 860 எம்ஏஎச், ஆர்50-இனுடையது 1040. அளவில் பெரிது, ஆனால் சீக்கிரம் தீர்வது அதுதான். டிஎஸ்எல்ஆரில் நீங்கள் வ்யூஃபைண்டரில் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் சென்சாரும் திரையும் தூங்குகின்றன. மிரர்லெஸ்ஸில் இரண்டும் விழித்தே இருக்கின்றன. நாள் முழுக்க ஒரு விசேஷம் எடுக்கப் போவதானால் கூடுதல் பேட்டரி ஒன்றை வாங்கும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஃபிளாஷ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆர்50-இன் மேலே ஃபிளாஷ் மாட்டும் இடமான ஷூ புதிய வகை, பழைய ஃபிளாஷுக்கு ஏடி-இ1 என்ற தனி அடாப்டர் வேண்டும்.

படி 8: ராவைத் திறந்து பாருங்கள்

1300டி-யின் ரா கோப்பு சிஆர்2 வகை. ஆர்50-இனுடையது சிஆர்3. பழைய எடிட்டிங் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு சிஆர்3 திறக்காமல் போகலாம். கேனான் இலவசமாகத் தரும் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனலில் இரண்டும் திறக்கும். இரவல் கேமராவைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சிஆர்3-ஐத் திறந்து, ஒரு படத்தையாவது முழுதாக எடிட் செய்து பாருங்கள். என் பழைய லேப்டாப் ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் யோசித்தது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, 1300டி-யை நான் இப்போதைக்கு விற்கவில்லை. 50 மி.மீ. லென்ஸை மட்டும் தங்கை அடாப்டரோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், பையனுக்கு அடுத்த வாரம் பள்ளியில் ஓட்டப்பந்தயம்.