செங்கடல் வழியே நைரோபிக்கு: சிறு விமானத்தைக் கொண்டுசேர்க்கத் திட்டமிடுதல்

ஐரோப்பாவில் வாங்கிய செஸ்னா 172 விமானத்தை நைரோபிக்கு ஓட்டிச் செல்ல விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது சூடானை. 2023 ஏப்ரலில் தொடங்கிய போரால், அஸ்வானிலிருந்து கார்த்தூம் வழியே தெற்கு நோக்கிச் சென்ற பழைய பாதையை நம்பித் திட்டமிட முடியாது. ஜெத்தா, ஜிபூத்தி வழியாகச் சுற்றிச் செல்லும் பாதையையே ஆராய வேண்டும்.

அங்கேதான் எரிபொருள் கணக்கு இடிக்கும். ஜெத்தாவிலிருந்து ஜிபூத்தி நேர்க்கோட்டிலேயே ஏறத்தாழ 1,200 கி.மீ.; மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஆறு மணி நேரம் பறக்க வேண்டும். மணிக்கு 33 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு 200 லிட்டர் தொட்டி வெறும் ஆறு மணி நேரத்துக்கே போதும் என்பதாலும், யேமன் கரையை விட்டு விலகிச் செல்ல வேண்டியிருப்பதாலும், முறையான அனுமதியுடன் கூடுதல் தொட்டி பொருத்தாமல் புறப்படக் கூடாது. விமானப் பெட்ரோல் இப்பகுதியில் எளிதில் கிடைக்காது. டிரம்மில் வந்தால், அடியில் தேங்கிய நீரைச் சோதித்து, வடிகட்டிய பிறகே ஊற்ற வேண்டும்.

வான்வெளி அனுமதிகளை நாடுவாரியாக முன்கூட்டியே பெற்று, அவற்றின் எண்களைத் தாளிலும் வைத்திருங்கள்.

ஜிபூத்தியைத் தாண்டி எத்தியோப்பியா வழியே சென்றால், 2,334 மீட்டர் உயரத்திலுள்ள அதன் தலைநகர் அடிஸ் அபாபாவில் 25 டிகிரி வெயிலில் ஓடுபாதையே ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில் இருப்பது போன்ற காற்றடர்த்திதான் கிடைக்கும். காற்று மெலிந்தால் விமானம் மேலெழுவது கடினம்; ஆகவே குளிர்ந்த விடியற்காலையில், குறைந்த எடையுடன் கிளம்புங்கள்.