எடைக்கும் ஜீனுக்கும் என்ன சம்பந்தம்? ரிப்போர்ட்டைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சித்தி மகள் தன் ஃபோனில் ஒரு பிடிஎஃப் காட்டினாள். எச்சில் சாம்பிள் அனுப்பி வாங்கிய ஜீன் ரிப்போர்ட். அத்தனை பக்கங்களில் அவள் கண்ணில் நின்றது ஒரே வரிதான்: "எஃப்.டி.ஓ: ஏஏ". பக்கத்தில் ஒரு சிவப்புக் கட்டம். "பிறக்கும்போதே எழுதியாச்சு அக்கா, இனி நடந்து என்ன ஆகப்போகுது?" என்றாள். இரண்டு வருடமாக விடாமல் போய்க்கொண்டிருந்த காலை நடை அந்த வாரமே நின்றுவிட்டது.

அந்தக் கட்டத்தைத் தீர்ப்பாகப் படித்ததுதான் முதல் தவறு. எஃப்.டி.ஓ ஜீனுக்கும் பருமனுக்கும் தொடர்பு இருப்பது 2007-இல் தெரியவந்தது. ஐரோப்பிய வம்சாவளியினர் சுமார் 39,000 பேரை வைத்து நடந்த ஆய்வு அது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் எடை கூட்டும் வடிவம் வந்து சேர்ந்தவர்கள் (ரிப்போர்ட்டில் 'ஏஏ' என்று இருந்தது இதுதான்), அது ஒன்றுகூட வராதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். பருமன் வரும் வாய்ப்பும் அவர்களுக்குக் கூடுதல்தான். ஆனால் அந்த ஆய்வில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இந்த இரட்டை வடிவம் இருந்தது. இது அபூர்வமான குறை இல்லை, சாதாரணமாக எங்கும் காணக்கூடிய ஒன்று.

அவள் நடையை நிறுத்தியதில்தான் எனக்கு ரொம்ப வருத்தம். இந்த ஜீன் உள்ளவர்களுக்குத்தான் நடை கூடுதலாகக் கைகொடுக்கிறது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் தகவல்களைத் திரட்டி 2011-இல் பார்த்தபோது, உடலுழைப்பு உள்ளவர்களிடம் எஃப்.டி.ஓ-வால் பருமன் வரும் வாய்ப்பு கால்வாசிக்கு மேல் குறைந்திருந்தது. நம் சென்னையில் நடந்த க்யூர்ஸ் ஆய்விலும், அசைவில்லாமல் இருப்பவர்களிடமும் மாவுச்சத்து நிறையச் சாப்பிடுபவர்களிடமும் இந்த ஜீனின் தாக்கம் தூக்கலாகத் தெரிந்தது. அப்புறம் 2016-இல் எட்டு ஆய்வுகளைச் சேர்த்து 9,500-க்கும் மேற்பட்டோரைப் பார்த்தார்கள். எடை குறைக்க முயன்றபோது இந்த வடிவம் இருப்பவர்களும் இல்லாதவர்களும் ஒரே அளவுதான் குறைந்தார்கள்.

"எனக்கு மெட்டபாலிசம் ஸ்லோ, அதான்" என்று, அதாவது உடல் சக்தியை மெதுவாகச் செலவழிக்கிறது என்று நினைப்பது அடுத்த தவறு. ஸ்காட்லாந்தில் பள்ளிக் குழந்தைகளை உட்காரவைத்து, எவ்வளவு சாப்பிடுகிறார்கள், எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று அளந்தார்கள். எஃப்.டி.ஓ வடிவம் இருந்த குழந்தைகளின் உடல் செலவழிக்கும் சக்தி குறைவாக இல்லை. அவர்கள் சாப்பாட்டில்தான் கலோரி கூடியிருந்தது. 'போதும்' என்ற உணர்வு சற்றுத் தாமதமாக வருவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இது தெரிந்தால் வீட்டில் செய்ய ஒரு சின்ன வேலை இருக்கிறது: சாதப் பாத்திரத்தைச் சாப்பிடும் இடத்தில் வைக்காமல், தட்டில் போட்டுக்கொண்டு வந்து உட்காருவது. ரசத்துக்கு இன்னொரு கரண்டி வேண்டுமென்றால் எழுந்து போக வேண்டும். எழுவதற்குள் பல சமயம் வயிறே சொல்லிவிடும்.

பருமனில் 40 முதல் 70 சதவீதம் மரபு என்று படித்துவிட்டு, "என் எடையில் பாதிக்கு மேல் ஜீன்தான்" என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த எண் ஒரு ஆளின் எடையைப் பங்கு போடுவதற்கானது இல்லை. ஒரே மாதிரிச் சூழலில் வாழும் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் எடை ஏன் வேறுபடுகிறது என்பதற்கான அளவு. சூழல் மாறினால் எண்ணும் மாறும். அதோடு, இதில் ஒரே ஜீனுக்கு வேலை இல்லை. 2018-இல் சுமார் 7 லட்சம் பேரின் தகவலில் பி.எம்.ஐ-யோடு (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் அளவு) தொடர்புள்ள 941 இடங்கள் மரபணுத் தொகுப்பில் கிடைத்தன. அத்தனையும் சேர்ந்தும் விளக்கியது அந்த வேறுபாட்டில் சுமார் 6 சதவீதம்தான்.

ஜீன் பார்த்து டயட் எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். அமெரிக்காவில் 609 பேரை ஒரு வருடம் இரண்டு குழுவாக வைத்துப் பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோவும் இறங்கியது. யாருக்கு எது பொருந்தும் என்று அவர்கள் ஜீன் அமைப்பை வைத்துச் சொல்ல முடியவில்லை.

இதுவரை சொன்னது ஜீனுக்கு அதிக இடம் கொடுக்கும் தவறுகள். எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது எதிர்ப்பக்கத் தவறு: ஜீனே காரணமாக இருக்கும் குழந்தையை "தீனிப் பண்டாரம்" என்று திட்டுவது, "வளர்ப்பு சரியில்லை" என்று அம்மாவைக் குறை சொல்வது. 1997-இல் இங்கிலாந்தில் பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பத்தில் இரண்டு குழந்தைகள். 8 வயதுப் பெண் 86 கிலோ, 2 வயதுப் பையன் 29 கிலோ. ஒரு ஜீன் பழுதானதால், பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் அவர்களுக்குச் சரியாகச் சுரக்கவே இல்லை. எவ்வளவு கொடுத்தாலும் பசி அடங்காது. பிறகு அந்தப் பெண்ணுக்கு லெப்டின் ஊசி போட்டபோது பசி தணிந்து, ஒரே வருடத்தில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. திட்டியோ பட்டினி போட்டோ இது நடந்திருக்காது. பசியைக் கட்டுப்படுத்தும் எம்.சி.4.ஆர் என்ற இன்னொரு ஜீனில் வரும் கோளாறு இதைவிட அதிகம் பேருக்கு உண்டு.

உங்கள் குழந்தைக்கு 5 வயதுக்குள் எடை மளமளவென்று ஏறி, சாப்பிட்ட உடனே மறுபடி பசிக்கிறது என்று அழுது, ராத்திரி எழுந்து சாப்பாடு தேடுகிறதென்றால், குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்ததிலிருந்து அதில் குறித்த எடைகள் அவருக்கு முதலில் தேவைப்படும்.