சாப்பர் ஆகப் போகிற டெல்டா பையன்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகம் வழியாகத் தேர்வாகி, பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸ் மையத்துக்குப் போகிற பையன்கள் மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கம் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். சாப்பர் என்றால் ராணுவத்தின் பொறியியல் படை வீரன். கிளம்புவதற்கு முன் சிலர் என்னிடம் வருவார்கள். அறுவடை முடிந்த வயலில் கொட்டாங்கச்சியைக் கண்ணிவெடியாக வைத்துக்கொண்டு கொஞ்சம் பழக்கி அனுப்புவேன். நாங்கள் ரங்ரூட்டாக, அதாவது புதிதாகச் சேர்ந்த பயிற்சி வீரர்களாக இருந்தபோது செய்த அதே கூத்தை இவர்களும் ஒன்று விடாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வெடிமருந்துக்குப் பக்கத்தில் பீடி கூடாது, செல்போன் கூடாது என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதை உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுப்பவர், முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடுவார்.

வெடி வைப்பது மட்டும்தான் வேலை என்று நினைப்பது

முள்வேலியைத் தகர்க்கும் பெங்களூர் டார்பிடோ 1912இல் இதே படைப்பிரிவில்தான் பிறந்தது என்று வீடியோவில் பார்த்துவிட்டு வருகிறார்கள். சந்தோஷம். ஆனால் பாலம், ரோடு, குடிநீர், படகு என்று சாப்பருக்கு வேறு வேலை ஏராளம். துண்டு துண்டாகப் பூட்டிக் கட்டும் பெய்லி இரும்புப் பாலத்தின் ஒரு பேனல் சுமார் 260 கிலோ, அதை ஆறு பேர் தூக்க வேண்டும். ஒருவன் அடி தப்பினால் மற்ற ஐந்து பேரின் இடுப்புக்கும் உத்தரவாதம் இல்லை.

ஓடுவது

திரி பற்றவைத்த பிறகு நடந்து வர வேண்டும். ஓடினால் தடுக்கும், விழுந்தவனைத் தூக்க இன்னொருவன் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

வெடிக்காததை எட்டிப் பார்ப்பது

தீபாவளிக்கு நமத்துப்போன லட்சுமி வெடியைக் குனிந்து ஊதிப் பார்ப்போமே, அந்தப் புத்தி அங்கேயும் கூடவே வரும். சொன்ன நேரம் முழுக்கக் காத்திருங்கள். திரி வைத்த வெடி என்றால் அரை மணி நேரம். அப்புறம் ஒரே ஒருவர்தான் போக வேண்டும், வேடிக்கை பார்க்கக் கூட யாரும் பின்னால் போகக்கூடாது.

புதைத்த இடத்தை ஒழுங்காக எழுதாதது

எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருவது இதுதான். புதைக்கும்போது இருக்கிற உற்சாகம், எங்கே புதைத்தோம் என்று தாளில் வரையும்போது காணாமல் போய்விடும்.

பையன்களை இரண்டு குழுவாகப் பிரிப்பேன். ஒரு குழு கொட்டாங்கச்சிகளை வரிசையாகப் புதைத்து வரைபடம் போட்டுக் கொடுக்கும், சில வாரம் கழித்து மற்றக் குழு அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். ஒரு தடவை வந்த தாளில் இருந்தது இவ்வளவுதான்: 'தென்னை மரத்திலிருந்து பதினைந்து தப்படி வடக்கே.' எந்தத் தென்னை? யாருடைய தப்படி? நெட்டையன் அளந்ததைக் குட்டையன் தேடினால் அவன் கால் எங்கே போய் நிற்கும்? அதுவும் மரத்தை அடையாளமாக வைக்கிறவன் பட்டுக்கோட்டைக்காரன்! 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு, சொந்தத் தோப்புக்குள்ளேயே திசை தெரியாமல் நின்றவர்கள் இருக்கிற ஊர் அது.

இன்னொருவன் வரப்பிலிருந்து டேப் பிடித்து அளந்திருந்தான், அது பரவாயில்லை என்று நினைத்தேன். அதற்குள் தண்ணீர் வந்து, அண்டை வெட்டி, வரப்பே அரை முழம் நகர்ந்துவிட்டது. சர்வே கல், மதகு, பாலத்துச் சுவரின் மூலை என்று புயலுக்கும் மண்வெட்டிக்கும் அசையாத ஒன்றிலிருந்து அளக்க வேண்டும். ஒன்று போதாது, இரண்டாவது வேண்டும்.

அன்றைக்குக் கடைசி வரை இரண்டு கொட்டாங்கச்சி கிடைக்கவில்லை. "விடுங்க சார், செரட்டைதானே" என்றான் குழுத்தலைவன். இருட்டும்வரை தோண்ட விட்டேன். வயல்காரர் என்னைத் திட்டியதும் நியாயம்தான்.

நிஜத்தில் இதன் விலை என்ன என்பதற்கு ரொம்பத் தூரம் போக வேண்டாம். 2001 டிசம்பரில் பாராளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு ஆபரேஷன் பராக்ரம் தொடங்கியது. பஞ்சாப், ராஜஸ்தான், ஜம்மு எல்லையில் விவசாயிகளின் நிலத்திலேயே பெரிய அளவில் கண்ணிவெடி புதைத்தார்கள். 2002 அக்டோபரில் படைகளை விலக்கிக்கொள்ள முடிவானதும் அத்தனையையும் எடுக்க வேண்டும். புதைக்கும்போதும் எடுக்கும்போதும் காலை இழந்தவர்கள், உயிரை விட்டவர்கள் உண்டு. புதைத்தவனே எடுக்க வருவான் என்று எந்த நிச்சயமும் கிடையாது, அவன் மாற்றலாகிப் போயிருப்பான், யூனிட்டே வேறு இடத்துக்குப் போயிருக்கும், மிஞ்சுவது அந்தத் தாள் மட்டும். மழையும் வெள்ளமும் வெடியை நகர்த்திவிடும் என்பதால் சரியாக எழுதிய தாளே சில இடங்களில் போதாமல் போகும். தப்பாக எழுதியதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புதைத்த கணக்கும் எடுத்த கணக்கும் ஒன்றே ஒன்று இடித்தாலும் அந்த நிலத்தை உழ விட முடியாது. கண்ணிவெடிப் பதிவு என்பது இந்தியா ஒப்புக்கொண்ட சர்வதேச விதியும் கூட. ஆனால் நான் கவலைப்படுவது விதியைப் பற்றி அல்ல, நாளைக்கு அங்கே ஏர் ஓட்டப் போகிற ஆளைப் பற்றி.

இரும்புக்குப் பக்கத்தில் காம்பஸ் பிடிப்பது

துப்பாக்கி, முள்கம்பி, டிராக்டர், எதுவானாலும் முள் விலகும். தள்ளி நின்று பாருங்கள்.

வீரம் காட்டுவது

சுபேதார் சுப்பிரமணியனைச் சொல்லிக்கொண்டு வருகிற பையன்கள் உண்டு. 1944 பிப்ரவரியில் இத்தாலியில், கூட இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடி மேல் விழுந்து உயிரைக் கொடுத்து, வீரத்துக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்ற மெட்ராஸ் சாப்பர். அவர் விழுந்தது வேறு வழியே இல்லாத நொடியில். பயிற்சியில் பாதுகாப்புக் கயிற்றுக்கு வெளியே கால் வைப்பதற்கு அவர் பெயரை இழுக்காதீர்கள்.

நீச்சல் தெரியும் என்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றுவது

கொள்ளிடத்தில் நீந்தியது டவுசரோடு. அங்கே விழுவது பூட்ஸோடு.