துணி டயப்பர் ஏன் கசிந்தது?

அப்பாவுக்கு இரவில் சிறுநீர் கசியத் தொடங்கியதும் துணி டயப்பருக்கு மாறினோம். தினமும் விடிகாலையில் படுக்கை நனைந்திருக்கும். அவர் முகத்தைப் பார்க்கவே முடியாது. இன்னும் தடிமனாக மடித்து வைத்தேன், பயனில்லை.

ஒருநாள் துணிமேல் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுப் பார்த்தேன். முத்து முத்தாக உருண்டு ஓடியது! துவைக்கும்போது வாசனைக்காக ஊற்றிய, துணியை மென்மையாக்கும் ஃபேப்ரிக் கண்டிஷனர் திரவம்தான் நூலில் படிந்து ஈரத்தை உறிஞ்சவிடாமல் செய்திருக்கிறது. அதை அடியோடு நிறுத்தி, சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் துவைத்து, நுரை போகும்வரை அலசினேன். புதுப் பருத்தித் துணியும் சில தடவை துவைத்த பிறகுதான் நன்றாக உறிஞ்சும்.

அப்புறம், துணி டயப்பருக்கு மேலே போடும் நீர்புகா மேலுறை. தொடையோரம் உள்துணி கொஞ்சம் வெளியே தெரிந்தாலும் அந்த வழியாக ஈரம் வேட்டிக்கு ஏறிவிடும். விரலால் சுற்றித் தடவி உள்ளே தள்ளிவிடுகிறேன்.

இப்போது அப்பா விடியும்வரை நிம்மதியாகத் தூங்குகிறார்.