ரிட்டயர் ஆகி தாய்லாந்துல செட்டில் ஆக எவ்ளோ பணம் வேணும்?

மாசம் எவ்ளோ செலவாகும்னு கணக்கு போடுறதுக்கு முன்னாடி விசாவுக்கு எவ்ளோ காட்டணும்னு பாருங்க. 50 வயசு முடிஞ்சவங்க வருஷா வருஷம் அங்கயே ரிட்டயர்மென்ட் விசாவ நீட்டிக்கணும்னா தாய்லாந்து பேங்க்ல 8 லட்சம் பாத் (அந்த ஊர் பணம்) இருக்கணும், இல்லன்னா மாசம் 65,000 பாத் வருமானம் காட்டணும்.

இதுல நிறைய பேர் மாட்டுறது எங்கன்னா, அந்த 8 லட்சம் அப்ளை பண்றதுக்கு 2 மாசம் முன்னாடியே அக்கவுண்ட்ல இருக்கணும், விசா கிடைச்சப்புறமும் 3 மாசம் தொடக்கூடாது, அதுக்கப்புறம் கூட 4 லட்சத்துக்கு கீழ இறங்கக்கூடாது. அதனால அந்தப் பணத்த வீட்டுச் செலவுக்குன்னு நெனச்சிடாதீங்க, அது தனி. இமிக்ரேஷன் ஆபீஸ் போற அன்னிக்கு காலைலயே பேங்க் போய் பணம் இருக்குன்னு லெட்டர் வாங்கி, பாஸ்புக்கையும் என்ட்ரி போட்டு எடுத்துட்டுப் போங்க.

அடுத்தது வைத்தியச் செலவு. அமெரிக்கால மெடிகேர் (வயசானவங்களுக்கான அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸ்) வச்சிருக்கவங்களுக்கு அது தாய்லாந்துல செல்லாது, வயசு ஏற ஏற இன்சூரன்ஸ் பிரீமியமும் ஏறும், தயவுசெஞ்சு இத விட்றாதீங்க.

பிரிட்டன்ல ஸ்டேட் பென்ஷன் (அரசாங்கம் குடுக்கிற முதியோர் பென்ஷன்) வாங்குறவங்க இன்னொன்னும் கவனிங்க, தாய்லாந்து போனா அந்தத் தொகை அப்படியே நின்னுடும், வருஷா வருஷம் ஏறாது. அதே பிலிப்பைன்ஸ்ல இருந்தா ஏறும்! 20 வருஷம் வாழணும்னு போறவங்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

வட தாய்லாந்துல இருக்கிற சியாங் மாய் ஊர்ல வாடகை கம்மிதான், ஆனா பிப்ரவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் வயல் எரிக்கிற புகை, எதிர்ல இருக்கிற மலையே தெரியாது. மூச்சுத் தொந்தரவு இருக்கவங்க அந்த மாசங்களுக்கு வேற ஊர் வாடகையும் சேத்து வச்சுக்கோங்க.