தஞ்சாவூர்ல கம்மி வாடகைக்கு வீடு பிடிக்கிறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு

தஞ்சாவூருக்கு வேலைக்கோ படிக்கவோ புதுசா வர்றீங்களா, மொதல்ல ஏரியாவ முடிவு பண்ணுங்க. மெடிக்கல் காலேஜ் ரோடு, புது பஸ் ஸ்டாண்டு பக்கம் எல்லாரும் கேக்குறதால வாடகை இறங்காது. நாஞ்சிக்கோட்டை ரோடு, விளார் ரோடு உள்தெருவுல பாருங்க, சாஸ்த்ரா யுனிவர்சிட்டி பக்கம் வேலைன்னா வல்லமே போதும், பெட்ரோல் காசும் மிச்சம்.

அடுத்து, மொபைல் ஆப்ப மட்டும் நம்பாம தெருவுல நடங்க. நிறைய வீடு ஆப்புக்கு வர்றதே இல்ல, கேட்ல ஒரு டூ-லெட் அட்ட தொங்கும் அவ்ளோதான். அயர்ன் வண்டிக்காரர்கிட்ட கேளுங்க, வீடு வீடா துணி வாங்குறவரு, எந்த போர்ஷன் காலியாகப் போகுதுன்னு அட்ட தொங்குறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும். புரோக்கர்னா ஒரு மாச வாடகை கமிஷன் போயிடும்.

வீடு பாக்கும்போதுதான் பொறுமை வேணும். கரன்ட்டுக்கு தனி மீட்டரா சப் மீட்டரான்னு கண்டிப்பா கேளுங்க, ஏன்னா இலவச யூனிட்டுங்கிறது ஒரு கனெக்ஷனுக்குத்தான், ரெண்டு குடும்பம் ஒரே மீட்டர்ல ஓடுனா யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறிடும், ஓனர் யூனிட்டுக்கு இவ்ளோன்னு தனியா ரேட் போட்டா வாடகைல மிச்சம் புடிச்சது அங்க போயிடும். பாத்ரூம் குழாய் வாயப் பாருங்க, வெள்ளையா படிஞ்சிருந்தா உப்புத்தண்ணி, குடிக்க கேன் வாங்கணும். தண்ணி மோட்டார் சுவிட்ச் யார் கையில இருக்குன்னும் கேட்டுக்கோங்க. மொட்டை மாடிக்கு நேர் கீழ உள்ள வீடு சீப்பா வருதுன்னா மத்தியானம் 3 மணிக்கு ஒரு தடவ உள்ள போய் நின்னு பாத்துட்டு சொல்லுங்க, சித்திரை வெயில்ல குழந்தைங்கள வச்சுக்கிட்டு அதுல கஷ்டம்.

பேரம் பேச ஆடி மாசம் நல்ல நேரம், அப்போ யாரும் பால் காய்ச்ச மாட்டாங்க, வீடு காலியாவே கெடக்கும், ஓனரும் எறங்கி வருவாரு. ஸ்கூல் தொறக்குற ஜூன்ல அது நடக்காது.

கடைசியா அட்வான்ஸ். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017, தனியா ஒப்பந்தம் எதுவும் இல்லேன்னா 3 மாச வாடகைக்கு மேல கேக்கக் கூடாதுங்குது, அதனால 10 மாச அட்வான்ஸ்னு எழுதுன அக்ரிமென்ட்ல படிக்காம கையெழுத்து போடாதீங்க. காலி பண்றப்போ பெயிண்டுக்கு எவ்ளோ புடிப்பாங்கன்னு அதுலயே எழுதச் சொல்லுங்க. அட்வான்ஸ பேங்க்லயோ ஜிபேலயோ அனுப்புங்க, சாமான் எறக்குறதுக்கு முன்னாடி செவுரு, குழாய், கதவு எல்லாத்தையும் வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்ல போட்டுடுங்க.